இருபத்திரண்டு அங்குலம்

தலைமயிருக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒருநாளும் உண்மையைச் சொல்வதில்லை. வேலை செய்கிற கந்தோரில் கேட்கிறார்கள். பஸ்ஸில் பின் இருக்கையில் இருப்பவர்கள் தோளைத் தட்டிக் கேட்கிறார்கள். கோயிலில், கும்பிட வந்த அலுவலை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். வெறும் தேங்காய் எண்ணெய்தான் என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையைத் தொடங்கினால் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிடும், அழுகையும் வந்துவிடும். முன்பின் தெரியாத மனிசருக்கு முன்னால் அழ எனக்கு வெட்கம்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவப்பட்டவள் இந்தத் திருகோணமலையில் இருக்கமாட்டாள். பதினொரு வயதுக்குள் ஊரில் உள்ள வைத்தியம் எல்லாவற்றையும் என் தலையிலேயே செய்து பார்த்து முடித்தவள் நான். எண்ணெய்க் கட்சியா, ஷாம்பூக் கட்சியா என்று கேட்டால், இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன், அதுவும் ஒரே நேரத்தில்.

அப்பா படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. அதுவரை அவர் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தவர். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் யார் வாயைத் திறந்தாலும் படகுக் கதைதான். எங்கள் வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தது. வாசல் படலையில் நின்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் தெரியும். அம்மா வீட்டிலேயே தையல் மெசின் வைத்து ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார்.

அப்பா போவதற்கு முதல் கிழமை முழுக்க வீட்டில் சண்டை. "போறதெண்டால் போங்கோ. திரும்பி வராதேங்கோ" என்று அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று சொன்னது எனக்கு நல்ல நினைவு. அதைச் சொன்ன அதே அம்மா, அடுத்த நாள் அப்பாவின் சேர்ட் கொலருக்கு உள்பக்கமாகத் தன்னுடைய போன் இலக்கத்தைக் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தார். பேனையால் எழுதினால் உப்புத் தண்ணியில் அழிந்துவிடுமாம். இறங்கினவுடன் போன் எடுக்கிறேன் என்று அப்பா சொன்னார். இருபது நாள் பயணம் என்றார்கள்.

இருபது நாள் போனது. இரண்டு மாதமும் போனது. போன் வரவில்லை. அந்தப் படகில் போன வேறு எவரிடமிருந்தும் எவருக்கும் வரவில்லை.

அது ஒரு சின்னப் பொத்தான் போன். அதற்குள் ஒரு பாம்பு விளையாட்டு இருந்தது. அப்பா இருக்கும்போது ஓட்டோவின் முன்சீற்றில் அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நான் மணிக்கணக்காகப் பாம்பை வளர்ப்பேன். அப்பா போன பிறகு அம்மா அதை என் கையில் தரவே இல்லை. கிணற்றடிக்குப் போனாலும் போன் கூடவே போகும், தலை தோய்கிற நேரம் கிணற்றுக் கட்டின்மேல் துவாயில் இருக்கும். நான் கையை நீட்டினால், "பற்றரி இறங்கிடும் பிள்ளை. அந்த நேரம் பார்த்து அப்பா எடுத்தால் என்ன செய்யிறது?" என்பார். பாதிக்கு மேல் பற்றரி இருந்தாலும் அதே பதில். ஒரு விளையாட்டுக்கூடத் தராத கஞ்சத்தனம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா எப்ப வருவார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது கேட்பேன், பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும்போது கேட்பேன், அம்மா ஊசியில் நூல் கோர்க்கும்போது கேட்பேன். ஒரு வெள்ளிக்கிழமை தோய்ந்துவிட்டு, அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி இருந்தபடி அன்றைக்கு எத்தனையாவது தடவையோ கேட்டேன். சீப்பு நடுத்தலையில் நின்றது.

"உன்ர தலைமயிர் இடுப்பைத் தாண்டேக்க அப்பா வந்திடுவார்" என்றார் அம்மா.

யோசித்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, தெரியாது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதுவரை எண்ணெய்ப் போத்தலைக் கண்டால் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற பிள்ளை நான். அன்றைக்கே அம்மாவின் அளவுநாடாவை எடுத்துவந்து அளக்கச் சொன்னேன். உச்சியிலிருந்து நுனிவரை பதினாறு அங்குலம். உச்சியிலிருந்து இடுப்புவரை இருபத்திரண்டு. ஆறு அங்குலம்தானே என்று நினைத்தேன். ஆறு அங்குலத்துக்கு ஒரு வருடம் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அளந்து, அலுமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதவேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்.

பிறகு ஆள் பிடிக்கத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கிளிவெட்டியில் வயலோடு இருப்பவர். அவருடைய கொண்டை ஒரு முற்றிய தேங்காய் அளவு இருக்கும். இப்படிப்பட்ட ஆளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அடுத்த முறை பஸ்ஸில் வரும்போது ஒரு பனையோலை உமல் நிறையக் கரிசலாங்கண்ணியும் செவ்வரத்தம் இலையும் கொண்டுவந்து இறக்கினார். வெந்தயமும் சின்ன வெங்காயமும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியதில் எங்கள் வீட்டுக் கறிகூட ஒரு கிழமைக்குத் தலை எண்ணெய் மணந்தது. பெரியம்மாவின் சட்டம் கடுமையானது. தினமும் எண்ணெய் வைக்கவேண்டும். இறுக்கிப் பின்னவேண்டும். விரித்துப்போட்டுக்கொண்டு வெயிலில் திரியக்கூடாது. கிழமைக்கு ஒருநாள் அரப்பும் தேசிக்காயும் அவித்துத் தேய்த்துத் தோய வார்க்கவேண்டும். கத்தரிக்கோல் தலைக்குக் கிட்டவும் வரக்கூடாது.

இரண்டாவது ஆள் மாமி, அப்பாவின் தங்கச்சி. பாலையூற்றில் இருந்துகொண்டு திருகோணமலை ரவுணில் ஒரு அழகு நிலையத்தில் வேலை செய்தார். பெரியம்மாவின் எண்ணெயை மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். எண்ணெயில் தூசி ஒட்டும், இறுக்கிப் பின்னினால் வேர் கழன்றுவிடும், ஈரத்தோடு சீப்புப் போட்டால் அறும் என்றார். கிழமைக்கு இரண்டு தரம் ஷாம்பூ, பிறகு நுனிக்கு மட்டும் கண்டிஷனர், அகலப் பல்லுச் சீப்பு, தளர்ந்த பின்னல்.

"வளர்க்கிறது வேர் பிள்ளை, அதை ஒருத்தராலயும் கெதியாக்க ஏலாது. வளர்ந்ததை உடையாமல் காப்பாத்துறது மட்டும்தான் எங்கட கையில இருக்கு" என்றார். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அரை அங்குலம் நுனி வெட்டவேண்டும் என்பதும் அவருடைய சட்டம். வெடித்த நுனியை விட்டால் அது கீழேயிருந்து மேலே கிழிந்துகொண்டு வருமாம்.

இதைக் கேட்டுப் பெரியம்மா சும்மா இருப்பாரா?

"தன்ர தலையில தோளுக்குக் கீழ ஒண்டையும் காணேல்ல, மற்றவைக்கு வைத்தியம்."

"உங்கட தலைமயிர் உங்கட பரம்பரை அக்கா. எண்ணெய்க்கு அதில ஒரு வேலையும் இல்லை."

இருவரும் எதிரும் புதிருமாகக் கதிரைகளில் இருந்து என் தலைக்காக அடிபடுவார்கள். எல்லாவற்றிலும் ஒரு கருத்து வைத்திருக்கிற அம்மா இதில் மட்டும் வாயே திறக்கமாட்டார். மெசினை மிதித்துக்கொண்டு, ஓம் அக்கா, ஓம் மச்சாள் என்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

எனக்கோ தவறான வைத்தியத்தில் நாளை வீணாக்க நேரமில்லை. ஆகவே ஒரு முடிவெடுத்தேன். இடப்பக்கப் பின்னல் பெரியம்மாவுக்கு, வலப்பக்கப் பின்னல் மாமிக்கு. எது முந்துகிறதோ அதற்கு முழுத்தலையும். இடப்பக்கத்துக்குக் கரிசலாங்கண்ணி எண்ணெய், அரப்பு. வலப்பக்கத்துக்கு ஷாம்பூ, கண்டிஷனர். ஒரு பக்கம் தோயும்போது மறுபக்கத்தைப் பொலித்தீன் பையால் கட்டிவிடுவேன். நுனி வெட்டுகிற விஷயத்தில் மட்டும் மாமியின் சட்டத்தை ஏற்கவில்லை. இடுப்புக்குப் போகவேண்டிய முடியை வெட்டுகிற மடையர் யார்? என் தலையணை உறையில் ஒரு பாதி எண்ணெய்க் கறுப்பு, மறுபாதி வெள்ளை. பள்ளிக்கூடத்தில், ஒரு பக்கம் நனைஞ்ச கோழி, மற்றப் பக்கம் காஞ்ச கோழி என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அவர்களுடைய அப்பாமார் எல்லாரும் பின்னேரம் வீட்டுக்கு வருகிறவர்கள்.

மாதத்துக்கு மாதம் அம்மா அளந்தார். பதினாறரை. பதினேழு. பதினேழரை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. எண்ணெய்க்கும் ஷாம்பூவுக்கும் ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. பெரியம்மாவும் மாமியும் அதை நம்பவில்லை. எனக்கு அதுபற்றிக் கவலையில்லை, மொத்தத்தில் ஏறுகிறதே என்று சந்தோசம். ஒரு வருடத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வந்தது.

அன்றைக்கு நான் துள்ளிய துள்ளல் சொல்லமுடியாது. அம்மா நாடாவை மடித்து, மறுபடி விரித்து, என் முதுகில் வைத்துப் பார்த்தார்.

"நீயும் உயர்ந்திட்டாயெல்லோ. இடுப்பு இப்ப இருபத்துமூண்டரையில நிக்குது."

இதை நான் யோசிக்கவே இல்லை. என்ன அநியாயம்! நானே எனக்கு எதிராக வளர்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து உயரக்கூடாது என்று கூனிக்கொண்டு நடந்தேன், பாலைக் குடிக்காமல் பூனைக்கு ஊற்றினேன். ஒன்றரை அங்குலம்தானே, மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம் என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதமும் இருபத்திரண்டு. அதற்கடுத்த மாதமும் இருபத்திரண்டு. அலுமாரிக் கதவில் அதே எண் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது. இடப்பக்கமும் இருபத்திரண்டு, வலப்பக்கமும் இருபத்திரண்டு. பெரியம்மா எண்ணெயில் நெல்லிக்காயையும் கறிவேப்பிலையையும் சேர்த்தார். மாமி வேறு நிறப் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். நான் முட்டை பூசினேன், கற்றாழைச் சாறு பூசினேன், அரிசி கழுவிய தண்ணியை இரண்டு நாள் புளிக்கவைத்து ஊற்றி வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவளை ஓடவைத்தேன். அசையவில்லை. அந்தச் சின்ன வயதில் நான் அனுபவித்தது மனவருத்தம் என்று சொல்ல இப்போது எனக்குத் தெரியும். அப்போது அதற்குப் பெயர் தெரியாது. என் தலைமயிர் என் பேச்சைக் கேட்கவில்லை, அதனால் அப்பா எங்கேயோ நின்று காத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன்.

ஒருநாள் பெரியம்மாவும் மாமியும் வழமைபோல அடிபட்டார்கள். சலித்துப்போன பெரியம்மா, "தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இனி எதைப் பூசினால் என்ன" என்றார். ஊரில் எல்லாரும் சொல்கிற பழமொழிதான். ஆனால் மெசின் சத்தம் நின்றுவிட்டது. அம்மா எழுந்து குசினிக்குள் போனார். பெரியம்மா தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டார். உலையைப் பார்க்க அம்மா போய்விட்டார் என்று நினைத்து, நான் மாமியிடம் கண்டிஷனர் எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை காலை அம்மா தைத்த சட்டை ஒன்றைக் கொடுக்க வெளியே போயிருந்தார். பின்னல் கட்டுகிற கறுப்பு நாடா தேடி மெசினின் கீழ் இழுப்பறையை இழுத்தேன். நூல்கட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய தகரப் பால்மா ரின் இருந்தது. திறந்தேன். உள்ளே சின்னச் சின்ன முடிக்கட்டுகள், ஒவ்வொன்றும் கறுப்பு நூலால் கட்டப்பட்டவை. சீப்பில் வருகிற உதிர்ந்த முடி சுருண்டு கிடக்கும். இவை நேராக இருந்தன, ஒரு பக்கம் கத்தரிக்கோல் பட்ட வெட்டு. இரண்டு இரண்டு கட்டுகளாகத் துணித்துண்டில் சுற்றப்பட்டிருந்தன. எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றில் பெரியம்மாவின் எண்ணெய், மற்றதில் மாமியின் ஷாம்பூ.

எங்கள் பக்கத்தில் வெட்டிய முடியை வெளியே வீசமாட்டார்கள். யாராவது எடுத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் அம்மா அவற்றைப் பத்திரப்படுத்தியிருந்தார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் பின்னி முடிகிற நேரம் பின்னால் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். என்னம்மா என்றால், நாடாவை வெட்டுறன் பிள்ளை என்பார். தையல்காரி வீட்டில் கத்தரிக்கோல் சத்தத்தை யார் கவனிப்பது?

நான் அழவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு அப்பா வருவது விருப்பமில்லை. திரும்பி வராதேங்கோ என்று சொன்னவர்தானே. அவர் வரக்கூடாது என்றுதான் மாதம் மாதம் வெட்டியிருக்கிறார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அப்படி வெறுத்தது அன்றைக்குத்தான், அந்த மனிதர் என் அம்மா.

ரின்னைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு பாலையூற்றுக்கு பஸ் ஏறினேன். மாமி அப்பாவின் சொந்தத் தங்கச்சி. அவர் வந்து அம்மாவைக் கேட்கிற கேள்வியில் வீடு இரண்டாகவேண்டும் என்று கறுவிக்கொண்டு போனேன். மாமி ரின்னைத் திறந்து பார்த்தார். ஒரு முடிக்கட்டை எடுத்து, அதன் வெட்டு முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கிவிட்டு, வா போவம் என்று என் கையைப் பிடித்தார்.

நாங்கள் போனபோது அம்மா படலையில் நின்றார். என்னைக் காணாமல் ஒழுங்கை முழுக்கத் தேடியிருக்கிறார். மாமியின் கையில் ரின்னைக் கண்டதும் உள்ளே போய் மெசினுக்கு முன்னால் இருந்தார். சண்டையை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று நான் கதவடியில் நின்றுகொண்டேன்.

"எப்ப தொடக்கம் மச்சாள்?" என்றார் மாமி.

"இருபத்திரண்டு வந்த நாள் தொடக்கம்."

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்களிட்ட என்னெண்டு சொல்லுறது? நீங்கள் அவற்ர தங்கச்சி."

மாமி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அம்மாவின் காலடியில் நிலத்தில் இருந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. மாமியின் தலையை, அந்தத் தோளோடு நிற்கிற முடியைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமி மூக்கைத் துடைத்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். பின்னலைத் தூக்கி நுனியைப் பார்த்தார்.

"கோணலா வெட்டியிருக்கிறியள் மச்சாள். என்னட்ட விட்டிருந்தால் வடிவா வெட்டியிருப்பன். இனி நான் வெட்டுறன்" என்றார்.

சொந்தத் தங்கச்சியும் அந்தப் பக்கம். இரண்டு பின்னலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். இனி என் தலையில் எவரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. நானே தோய்ந்தேன், நானே கோணல்மாணலாகப் பின்னினேன். பின்னலை உள்சட்டைக்குள் செருகிக்கொண்டு, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தேன். எண்ணெயும் இல்லை, ஷாம்பூவும் இல்லை, கிடைத்த சவர்க்காரத்தைப் போட்டேன். சிக்கு விழுந்தது, பேன் வந்தது. ஆனால் வளர்ந்தது. வைத்தியங்களையெல்லாம் விட்டபிறகு, வெட்டாமல் விட்ட ஒரே காரணத்துக்காக, தன் பாட்டில் வளர்ந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவுநாடாவைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் நீட்டினேன். "அளந்து பாருங்கோ" என்றேன்.

இருபத்தைந்து. அம்மா நாடாவைக் கீழே இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு கீழே போய்விட்டது என்று இந்த முறை சொல்ல ஏலாது. இந்த எலும்பா, அந்த எலும்பா என்று நானே தடவி அளந்து வைத்திருந்தேன், இருபத்துநாலரை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இடுப்பு அளவெடுக்கிற ஆளுக்கு இடுப்பு எங்கே என்று தெரியாமல் இருக்குமா?

"தாண்டியிட்டுது" என்றார் அம்மா.

பிறந்தநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியை விரித்துவிட்டு, படலையடிச் சீமெந்துக் கட்டின்மேல் போய் இருந்தேன். அந்தத் துண்டுக் கடலில், மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற மாக்கப்பல் ஒன்று நின்றது. அதில்தான் வருவார் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஓட்டோவில் வருவார் என்று நினைத்து, ஒழுங்கைக்குள் திரும்புகிற ஒவ்வொரு ஓட்டோவுக்கும் எழுந்து நின்றேன். அன்றைக்கு முழுக்க மெசின் சத்தம் கேட்கவில்லை. மத்தியானம் அம்மா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை, காகம் தின்றது. வெயில் சாய்ந்தது. பக்கத்து வீட்டு அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். முடி வெக்கையில் கழுத்தோடு ஒட்டிக் கடித்தது, அதைக் கட்டக்கூட இல்லை. அப்பா வரும்போது விரிந்திருக்கவேண்டும், இடுப்பைத் தாண்டியது தெரியவேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம் அம்மா வந்து என் பக்கத்தில் அந்தக் கட்டின்மேல் இருந்தார். மூன்று வருடத்துக் கோபமும் எனக்கு அப்போது வந்தது.

"நீங்கள் வெட்டினதாலதான் அப்பா வரேல்ல. நான் வளர்த்த நேரமே விட்டிருந்தால் வந்திருப்பார். இப்ப நேரம் தப்பிப்போச்சு" என்றேன்.

அம்மா இல்லை என்று சொல்வார், ஏசுவார், குறைந்தபட்சம் அடிப்பார் என்று பார்த்தேன்.

"ஓம் பிள்ளை. நான்தான்" என்றார்.

அவ்வளவுதான். என் முடியை அள்ளி, முடிச்சுப்போட்டு, தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விட்டார். பத்து வயது தாண்டிய பிள்ளையைத் தூக்க ஏலாது என்று வேறு நாட்களில் சொல்வார், அன்றைக்குத் தூக்கினார். குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு வென்றுவிட்ட சந்தோசம்கூட இருந்தது. அந்த ஓம் என்ன ஓம் என்று விளங்க எனக்குப் பிறகு பல வருடம் எடுத்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மெசினில் இருந்த போனை எடுத்து என் கையில் தந்தார். பாம்பு விளையாட்டு விளையாடு என்றார். நான் நம்பாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"விருப்பமான அளவு விளையாடு" என்றார்.

வாங்கிக்கொண்டு கட்டிலில் குப்புற விழுந்தேன். மூன்று வருடம் தொடவிடாத போன். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது, முதல் நான்கைந்து தடவையும் பாம்பு சுவரில் முட்டிச் செத்தது. பிறகு பிடிபட்டது. அம்மா பின்னால் வந்திருந்து, சிக்கு எடுத்து, பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, என் முடியைப் பின்னினார். கறுக் என்ற சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. பாம்பு திரை முழுக்க நீண்டுகொண்டே போனது. பின்னேரம் பற்றரி இறங்கி, திரை இருண்டு, போன் ஒரு சின்னச் சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஏச்சு விழப்போகிறதே என்று பயந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, நூல்கட்டைகள் இருக்கிற இழுப்பறைக்குள், அந்தப் பால்மா ரின்னுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். சார்ஜில் போடவில்லை. நாளைக்கும் விளையாடலாமா என்று கேட்டேன். ஓம் என்றார். முதல்நாள் நான் சொன்னதுக்கு அம்மாவுக்கு என்மீது இருந்த கோபம் போய்விட்டது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.